‘நாலு அறையும் சரியா இருக்குங்க... ஆனா, குழாய்தான் இடம் மாறியிருக்கு!’ - கருவிலேயே தெரிந்த இதயக் குறையும் ஒரு குடும்பத்தின் 19 வாரங்களும்

ஸ்கேன் செய்யும் டாக்டர் பேசிக்கொண்டே இருந்தவரை பயம் இல்லை. ‘‘இது தலை... இது முதுகெலும்பு, முத்து கோத்த மாதிரி வரிசையா இருக்கு பாருங்க... இது கால்...’’ என்று திரையில் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தவர், குழந்தையின் மார்புப் பகுதிக்கு வந்ததும் அமைதியாகிவிட்டார்.

கரூரில் ஒரு ஸ்கேன் சென்டர் அது. ‘கருவில் இருப்பது ஆணா, பெண்ணா என்று கண்டறிவது சட்டப்படி குற்றம்’ என்ற பலகை சுவரில். படுக்கையில், கொசுவலை தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதும் 26 வயதுப் பெண். முதல் கர்ப்பம், 20-வது வாரம். கால்மாட்டில், ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அவர் கணவர். வெளியே பெஞ்சில், மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு மாமியார்.

ஐந்து நிமிடம்... பத்து நிமிடம்... டாக்டர் கருவியை வயிற்றின் மேல் ஒரே இடத்தில் வைத்து, மெல்ல மெல்லச் சாய்த்துக்கொண்டிருந்தார். ‘‘எந்திரிச்சுக் கொஞ்சம் வெளிய நடந்துட்டு வாங்கம்மா. குழந்தை திரும்பிப் படுக்கட்டும்’’ என்றார். நடந்துவிட்டு வந்து படுத்தார். மறுபடியும் அதே அமைதி.

கடைசியில் டாக்டர் சொன்னது இதுதான். ‘‘இதயத்தோட நாலு அறையும் சரியா இருக்கு. ஆனா, இதயத்துலேர்ந்து கிளம்புற ரெண்டு பெரிய ரத்தக்குழாயும் ஒண்ணையொண்ணு குறுக்கால தாண்டிப் போகணும். உங்க குழந்தைக்கு ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல நேரா போற மாதிரி தெரியுது. கோயம்புத்தூர் போய், கருவோட இதயத்துக்குன்னே எடுக்குற எக்கோ ஒண்ணு பார்த்துடுங்க. தள்ளிப் போடாதீங்க.’’

வெளியே வந்தவர்களைப் பார்த்து மாமியார் எழுந்தார். ‘‘என்ன கண்ணு சொன்னாங்க?’’

‘‘ஒண்ணுமில்லீங்க அத்தை. இன்னொரு ஸ்கேன் எடுக்கோணுமாம்.’’

அன்றிரவு அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கணவர் மொட்டை மாடியில் உட்கார்ந்து செல்போனில் எதையெதையோ தேடிக்கொண்டிருந்தார். மனைவி கீழே படுத்து, கடந்த ஐந்து மாதங்களில் தான் சாப்பிட்டது, நடந்தது, ஸ்கூட்டியில் போனது என ஒவ்வொன்றையும் நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த நாளில் தப்பு நடந்தது என்று தெரிந்துவிட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு.

ஆர்.ஓ தண்ணீர் மறுபடி ஆர்.ஓ-வுக்கே!

இரண்டு நாள் கழித்து, அதிகாலை பஸ் பிடித்து மூவரும் கோயம்புத்தூர் போனார்கள். குழந்தைகள் இதயநோய் மருத்துவர் ஒருவர் முக்கால் மணி நேரம் எக்கோ பார்த்தார். திரையில் சிவப்பும் நீலமுமாக ஏதோ துள்ளிக்கொண்டிருந்தது. கணவரால் பொறுக்க முடியவில்லை.

‘‘சிவப்பு நல்ல ரத்தம், நீலம் கெட்ட ரத்தங்களா டாக்டர்?’’

‘‘இல்லீங்க. நான் பிடிச்சிருக்குற இந்தக் கருவியை நோக்கி வர்ற ரத்தத்தை மெஷின் சிவப்பா காட்டும். விலகிப் போறதை நீலமா காட்டும். எது எந்தப் பக்கம் போகுதுன்னு மட்டும்தான் அது சொல்லும். நல்லதா, கெட்டதான்னு நாமதான் புரிஞ்சுக்கணும்’’ என்றவர், முடித்த பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வரைய ஆரம்பித்தார்.

‘‘உங்க வீட்டுல ஆர்.ஓ மெஷின் இருக்கா? உப்புத் தண்ணி மெஷினுக்குள்ள போகணும். நல்ல தண்ணி குழாய் வழியா சமையலறைக்கு வரணும். நம்ம இதயமும் அப்படித்தான். உடம்பு பூரா சுத்தி வந்த அசுத்த ரத்தம் வலது பக்கம் வந்து, நுரையீரல் குழாய் வழியா நுரையீரலுக்குப் போகும். அங்க ஆக்சிஜன் ஏறி, இடது பக்கம் வந்து, மகாதமனி வழியா உடம்புக்குப் போகும். உங்க குழந்தைக்கு இந்த ரெண்டு குழாயும் இடம் மாறி முளைச்சிருக்கு. அதனால சுத்தமான ரத்தம் மறுபடி நுரையீரலுக்கே போகும். அசுத்த ரத்தம் மறுபடி உடம்புக்கே போகும். நல்ல தண்ணி ஆர்.ஓ-வுக்கும், உப்புத் தண்ணி சமையலறைக்கும் போனா எப்படி இருக்கும், அந்த மாதிரி.’’

பெருந்தமனிகள் இடமாற்றம் என்று இதற்குப் பெயர். சுமார் 3,000 முதல் 5,000 பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு இப்படி அமையும். பிறவி இதயக் குறைகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், ஏறக்குறைய 100 குழந்தைகளில் ஒன்றுக்கு ஏதோ ஒரு குறை இருக்கிறது.

‘‘அப்போ இப்போ எப்படி டாக்டர் உயிரோட இருக்கு?’’ என்று அந்தப் பெண் கேட்டார். அழுகையை அடக்கியதில் குரல் கம்மியிருந்தது.

‘‘இப்போ அதுக்கு ஒரு சிரமமும் இல்லம்மா. வயித்துக்குள்ள அது மூச்சு விடுறதில்ல. ஆக்சிஜன் நஞ்சுக்கொடி வழியா உங்ககிட்டேருந்து போகுது. ரத்தம் கலக்குறதுக்கு ரெண்டு வழியும் இருக்கு. மேல் அறைகளுக்கு நடுவுல ஒரு சின்ன ஜன்னல், பெரிய குழாய்களுக்கு நடுவுல ஒரு இணைப்புக் குழாய். எல்லாக் குழந்தைக்கும் வயித்துக்குள்ள இது இருக்கும். பிறந்து தொப்புள்கொடியை வெட்டின பிறகு, அந்த இணைப்புக் குழாய் ரெண்டு, மூணு நாள்ல தானா சுருங்கி மூடிக்கும். அப்போதான் பிரச்னை. அதுக்குள்ள நாம தயாரா இருக்கணும்.’’

ஐந்து ரூபாய் நாணயத்துக்குள் ஓர் இதயம்

20-வது வாரத்தில் குழந்தையின் இதயம் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்கிவிடும். அதிலிருந்து கிளம்பும் குழாயின் விட்டம் சுமார் மூன்று மில்லிமீட்டர்தான். நிமிடத்துக்கு 140 முறை துடிக்கிறது. குழந்தையோ ஓர் இடத்தில் இருப்பதில்லை. குப்புறப் படுக்கும், கையை மார்பின் குறுக்கே வைத்துக்கொள்ளும்.

1980-களில் ஸ்கேனில் இதயத்தின் நான்கு அறைகளைப் பார்க்கும் வழக்கம் வந்தது. அதுவே பெரிய முன்னேற்றம். ஆனால், குழாய்கள் இடம் மாறிய இதயத்தில் நான்கு அறைகளும் அச்சாகச் சரியாகவே தெரியும். வீட்டின் அறைகளை மட்டும் பார்த்துவிட்டு, பைப் லைனைப் பார்க்காமல் வருவதைப் போன்றது அது. அதனால்தான் 2013-ல் வந்த சர்வதேச அல்ட்ராசவுண்ட் வழிகாட்டுதல்கள், எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்யும் வழக்கமான ஸ்கேனிலேயே வெளியே போகும் இரண்டு குழாய்களையும் பார்க்கச் சொல்லின.

அதைப் பார்க்க, நான்கு அறைகள் தெரியும் இடத்திலிருந்து கருவியைக் குழந்தையின் தலைப் பக்கமாகச் சற்றே சாய்க்க வேண்டும். முதலில் இடது அறையிலிருந்து ஒரு குழாய், அடுத்து வலது அறையிலிருந்து அதைக் குறுக்கே தாண்டும் இன்னொரு குழாய். இன்னும் கொஞ்சம் மேலே போனால், மூன்று குழாய்கள் ஒரே வரிசையில், பெரிது, நடுத்தரம், சிறிது என்று தெரியும். கரூர் டாக்டர் அமைதியானது அந்த இடத்தில்தான். அங்கே மூன்று தெரியவில்லை. இரண்டுதான் தெரிந்தது.

கோயம்புத்தூரில் பார்த்த மெஷின் இன்னும் ஒரு படி மேலே. டாக்டர் கருவியை அசையாமல் பிடித்துக்கொள்ள, அது தானாகவே சில விநாடிகள் மார்பை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை வருடி, நூற்றுக்கணக்கான படங்களை எடுத்து, துடிப்போடு பொருத்தி, துடிக்கும் ஒரு முழு இதயமாகக் கோத்துத் தந்தது. தாய் வீட்டுக்குப் போன பிறகும் அந்த இதயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். வேறு ஊரிலிருக்கும் அறுவை சிகிச்சை நிபுணருக்கு அனுப்பிக் கருத்தும் கேட்கலாம்.

மெஷின் எவ்வளவு நவீனமானாலும், சாய்த்துப் பார்க்க ஒரு கை வேண்டும். கரூரில் அந்தக் கை அவசரப்படவில்லை. அந்தக் குழந்தைக்குக் கிடைத்த முதல் அதிர்ஷ்டம் அது.

36 வருடங்களாகச் சொல்லாதது

‘‘குடும்பத்துல யாருக்காவது பிறவியிலேயே இதயக் குறை இருந்திருக்கா? சின்ன வயசுல இறந்துபோன குழந்தைங்க?’’ டாக்டர் வழக்கமாகக் கேட்கும் கேள்விதான்.

‘‘அப்படி யாரும் இல்லீங்க’’ என்றார் கணவர்.

‘‘இருந்துச்சுங்க.’’

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். கதவோரம் நின்றிருந்த மாமியார்.

‘‘இவனுக்கு முன்னாடி எனக்கு ஒரு பையன் பொறந்தானுங்க. நல்லா செவச்செவன்னு, மூணு கிலோவுக்கு மேல இருந்தான். மூணாம் நாள் பால் குடிக்க மாட்டேனுட்டான். உதடு, நகமெல்லாம் நீலமாயிடுச்சு. திருச்சி பெரியாஸ்பத்திரிக்கு பஸ்ஸுல கொண்டு போனோமுங்க. குளித்தலை தாண்டல...’’

அந்தக் கணவருக்கு 33 வயது. தனக்கு முன் ஓர் அண்ணன் பிறந்தான் என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும்.

‘‘ஏழாம் மாசத்துல கிரகணத்தன்னிக்கு நான் அருவாமனையில காய் நறுக்கிட்டேனுங்க. மறந்துபோய் நறுக்கிட்டேன். அதனாலதான்னு எல்லாரும் சொன்னாங்க. அந்தப் பாவம்தான் இப்போ இந்தப் புள்ளைக்கு வந்திருக்குது’’ என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ‘‘அம்மா, இங்க வந்து உட்காருங்க. அந்தக் குழந்தைக்கு என்ன இருந்துச்சுன்னு இப்போ என்னால சொல்ல முடியாது. இதயமாவும் இருக்கலாம், கிருமித்தொற்றாவும் இருக்கலாம். ஆனா ஒண்ணு மட்டும் உறுதியா சொல்றேன். இதயமும் அதோட பெரிய குழாய்களும் உருவாகுறது கர்ப்பத்தோட முதல் ரெண்டு, ரெண்டே கால் மாசத்துக்குள்ள முடிஞ்சிடும். பல பேருக்கு அப்போ கர்ப்பம்னே தெரிஞ்சிருக்காது. ஏழாம் மாசம் நீங்க நறுக்கின காய்க்கும் அதுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல. உங்க மருமக ஸ்கூட்டியில போனதுக்கும் சம்பந்தம் இல்ல. யாரும் எதுவும் தப்பு பண்ணல.’’

இதயக் குறையோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோரின் தாய்மார்களுக்கு முன்கூட்டி எச்சரிக்கும் காரணம் எதுவும் இருப்பதில்லை. இந்தப் பெண்ணுக்கும் சர்க்கரை இல்லை, சொந்தத்தில் திருமணம் இல்லை, மருந்து எதுவும் எடுக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் மாமியார் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். காங்கேயம் தாண்டும் வரை யாரும் பேசவில்லை. பிறகு மருமகள் மெதுவாகக் கேட்டார். ‘‘அவனுக்குப் பேர் வெச்சீங்களாத்தை?’’

‘‘எங்க சாமி... மூணு நாள்தானே’’ என்றார் மாமியார்.

‘கலைச்சிடலாமே?’ என்றவர்கள்

விஷயம் மெல்ல மெல்லச் சொந்தங்களுக்குள் பரவியது. ‘‘வயசு இருக்குது. இதை விட்டுட்டு அடுத்ததைப் பாருங்க’’ என்றார் ஒரு சித்தப்பா. ‘‘டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க. குலதெய்வத்துக்கு முடிஞ்சு வை, சரியாயிடும்’’ என்றார் ஒரு பெரியம்மா.

இரண்டையும் டாக்டர் முன்பே எதிர்பார்த்திருந்தார். 2021-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, கருவில் கடுமையான குறை இருந்தால், 24 வாரங்களுக்குப் பிறகும்கூட மருத்துவக் குழுவின் ஒப்புதலோடு கருவைக் கலைக்க முடியும் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். ‘‘முடிவு உங்களோடது. எந்த முடிவெடுத்தாலும் நான் தப்பா நினைக்க மாட்டேன். ஆனா, முழுசா தெரிஞ்சுக்கிட்டு எடுங்க’’ என்றவர், தெரிந்துகொள்ள வேண்டியதையும் சொன்னார்.

சிகிச்சை இல்லாவிட்டால், இந்தக் குறையோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் ஒரு வயதைத் தாண்ட மாட்டார்கள். ஆனால், 1975-ல் பிரேசிலின் சாவ் பாலோ நகரில் அடிப் ஜட்டேன் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், இடம் மாறிய இரண்டு குழாய்களையும் வெட்டி, சரியான இடத்தில் மாற்றித் தைத்து வெற்றி கண்டார். இன்று அனுபவமுள்ள மையங்களில் இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு 100-க்கு 95 குழந்தைகளுக்கு மேல் பிழைக்கிறார்கள். பிறந்த முதல் இரண்டு, மூன்று வாரங்களுக்குள் செய்துவிட வேண்டும். அதுவரை குழந்தை தாக்குப்பிடிக்க வேண்டும். சிக்கல் அங்கேதான்.

பாரிஸில் 1988 முதல் 1997 வரை இதே குறையோடு சிகிச்சைக்கு வந்த குழந்தைகளை மருத்துவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பிறந்த பிறகு குறை தெரியவந்த 250 குழந்தைகளில் 15 பேர் அறுவை சிகிச்சைக்கு முன்பே இறந்துபோனார்கள். 20 பேர் அறுவை சிகிச்சைக்குப் பின் இறந்தார்கள். கருவிலேயே கண்டறியப்பட்ட 68 குழந்தைகளில் ஒருவர்கூட இறக்கவில்லை. குறையும் அதே, அறுவை சிகிச்சையும் அதே. முன்கூட்டியே தெரிந்ததால், அந்த 68 குழந்தைகளுக்கும் முதல் மணி நேரத்திலிருந்தே எல்லாம் தயாராக இருந்தது.

ஒரு வாரம் கழித்து, சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டே அந்தப் பெண் கணவரிடம் சொன்னார். ‘‘ஏனுங்க... நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு. நான் பத்தாவதுல கணக்குல எடுத்த மார்க்கைவிட அதிகமுங்க. பெத்துக்கலாம்.’’

தலைப்பிரசவம் எங்கே?

அடுத்த சிக்கல் கொடுமுடியில் இருந்தது. அந்தப் பெண்ணின் தாய்வீடு. அவர் பிறந்த அதே நர்ஸிங் ஹோமில், அதே டாக்டரம்மாவிடம் பிரசவம் பார்ப்பதென்று அவர் அம்மா எப்போதோ முடிவுசெய்திருந்தார்.

‘‘தலைப்பிரசவம் பொறந்த வூட்டுலதான் பார்க்கோணும். அதான் முறை. பொறந்த பொறவு கோயம்புத்தூர் கொண்டு போயிக்கலாம். கார் வெச்சா ரெண்டு, ரெண்டரை மணி நேரம்தானே?’’ என்றார் அம்மா. ஊர் என்ன சொல்லும் என்ற கவலை அவருக்கு. ‘மக பிரசவத்தைக்கூடப் பார்க்க மாட்டேனுட்டா’ என்று சொல்லிவிட்டால்?

சம்பந்தி வீட்டு விஷயத்தில் அதுவரை வாயே திறக்காத மாமியார் அன்று பேசினார். ‘‘சம்பந்தி, முறையெல்லாம் எனக்கும் தெரியுமுங்க. நானும் எம்பட பொறந்த வூட்டுலதான் பெத்தேன். பஸ்ஸுல மடியில வெச்சுக்கிட்டுப் போனேன் பாருங்க... அந்த ரெண்டு மணி நேரம் இன்னும் முடியலீங்க எனக்கு. புள்ளை கோயம்புத்தூர்லதான் பொறக்கோணும். நீங்களும் வாங்க. ரூம் எடுத்து, நீங்களே பக்கத்துல இருந்து எல்லாம் பாருங்க. யாரு என்ன சொல்லுவா?’’

கொடுமுடி அம்மா அழுதுவிட்டார். பிறகு பாத்திரம் பண்டங்களைக் கட்ட ஆரம்பித்தார்.

ஒரு ஸ்கேன் இந்தக் குழந்தையின் இதயத்தை ஒரு நூல் அளவுகூட மாற்றவில்லை. ஆனால், பிறக்கும் ஊரை மாற்றியது. பிறக்கும் நேரத்தில் பக்கத்தில் யார் யார் நிற்பார்கள் என்பதை மாற்றியது. மிச்சமிருந்த 19 வாரங்களில் கணவர் சீட்டை எடுத்தார். வளையலும் ஆரமும் அடகுக்குப் போயின. ஆபீஸ் இன்ஷூரன்ஸில் பிறந்த குழந்தைக்கு எவ்வளவு கிடைக்கும் என்று எழுதி வாங்கினார். 28, 32, 36-வது வாரங்களில் எக்கோ பார்த்து, இதயத்தின் அந்தச் சின்ன ஜன்னல் திறந்திருக்கிறதா என்று டாக்டர் உறுதிசெய்துகொண்டார். நடுவில் வளைகாப்பும் கட்டுச்சோற்று விருந்தும் குறையில்லாமல் நடந்தன. வளையல் போட வந்தவர்களில் பாதிப்பேருக்கு விஷயம் தெரியும். யாரும் பேசவில்லை. கை நிறைய வளையலோடு, அன்று மட்டும் அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தார்.

‘அழுதாளுங்க... நல்லா சத்தமா!’

39-வது வாரம். இதயக் குறை என்பதற்காகவே சிசேரியன் தேவையில்லை என்பதால், வலி வரவைத்துச் சுகப்பிரசவம். பெண் குழந்தை, 2.9 கிலோ. பிறந்ததும் சத்தமாக அழுதாள். நிறமும் நன்றாகவே இருந்தது. அந்த நிமிடத்தில் பார்த்த யாரும் இவளுக்குக் குறை இருப்பதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்தக் குறையின் ஏமாற்று வேலையே அதுதான். மூன்று கிலோ குழந்தை, கொழுகொழுவென்று, பார்க்க ஆரோக்கியமாக இருக்கும்.

சில நிமிடங்களில் ஆக்சிஜன் அளவு 70-க்குக் கீழே இறங்கியது. தொப்புள்கொடி வழியாக மருந்து ஏற ஆரம்பித்தது. அந்த இணைப்புக் குழாயை மூடவிடாமல் வைத்திருக்கும் மருந்து அது. இரண்டு மணி நேரத்தில், நுனியில் சின்ன பலூன் வைத்த மெல்லிய குழாயை இதயத்துக்குள் அனுப்பி, அந்த ஜன்னலை அகலமாக்கினார்கள். 1966-ல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ராஷ்கைண்ட் அறிமுகம் செய்த முறை. ஆக்சிஜன் 80-க்கு மேல் ஏறி நின்றது.

தாய்க்கு மறுநாள்தான் குழந்தையைப் பார்க்கக் கிடைத்தது. வயர்களுக்கு நடுவே ஒரு குட்டிக் கை. தொட்டிலில் பெயர் இல்லை. தன் பெயரைப் போட்டு ‘பேபி ஆஃப்’ என்று எழுதிய அட்டை. அதைப் பார்த்ததும் பஸ்ஸில் மாமியாரிடம் கேட்டது ஞாபகம் வந்தது. அன்று மாலையே கணவரிடம் சொல்லி ஒரு பெயர் வைத்தார்கள். பதினாறாம் நாளுக்குக் காத்திருக்கவில்லை.

ஒன்பதாம் நாள் அறுவை சிகிச்சை. இதயத்தை நிறுத்தி, அதன் வேலையை ஒரு மெஷினிடம் கொடுத்துவிட்டு, இரண்டு பெரிய குழாய்களையும் இடம் மாற்றித் தைக்க வேண்டும். அதிலும் கடினமான பகுதி, இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கரோனரி குழாய்களைப் பெயர்த்துப் புது இடத்தில் பதிப்பது. ஐந்தரை மணி நேரம் ஆனது. கொடுமுடி அம்மா கந்த சஷ்டி கவசத்தை எத்தனை முறை சொன்னார் என்று அவருக்கே தெரியாது. மாமியார் எதையும் சொல்லவில்லை. ஆபரேஷன் தியேட்டர் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வீக்கம் வற்ற, இரண்டு நாள் மார்பைத் தைக்காமல் மூடி வைத்திருந்தார்கள். நான்கு நாள் வென்டிலேட்டர். அதன் பிறகு ஒரு மதியம், நர்ஸ் வெளியே வந்து, ‘‘யாராச்சும் ஒருத்தர் உள்ள வாங்க, அழுறா’’ என்றார். தாய் உள்ளே போனார். ‘‘அழுதாளுங்க... நல்லா சத்தமா’’ என்று வெளியே வந்து அவர் சொன்னபோது, அதுவரை அழாத மாமியார் அழுதார்.

26-வது நாள் வீட்டுக்கு வந்தார்கள்.

கர்ப்பிணிகள் கேட்க வேண்டியவை

இந்தக் குடும்பம் இப்போது யாரைப் பார்த்தாலும் சொல்வது இவற்றைத்தான்.

18 முதல் 22 வாரங்களுக்குள் எடுக்கும் ‘அனாமலி ஸ்கேன்’ மிக முக்கியம். அப்போது டாக்டரிடம், ‘‘நாலு அறையோட, வெளியே போற ரெண்டு ரத்தக்குழாயையும் பார்த்தீங்களா?’’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ரிப்போர்ட்டில் ‘அவுட்ஃப்ளோ டிராக்ட்’, ‘த்ரீ வெசல் வியூ’ என்று எழுதியிருப்பது அதைத்தான். குழந்தை திரும்பிப் படுத்திருந்ததால் சரியாகத் தெரியவில்லை என்றால், இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். அலுத்துக்கொள்ளாமல் போங்கள்.

கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரைநோய் இருந்தவர்கள், முந்தைய குழந்தைக்கோ பெற்றோருக்கோ பிறவி இதயக் குறை இருந்தவர்கள், ஐ.வி.எஃப் சிகிச்சையில் கருத்தரித்தவர்கள், வலிப்புக்கான சில மருந்துகள் எடுப்பவர்கள், 11 - 14 வார ஸ்கேனில் குழந்தையின் கழுத்துப் பின்புற நீர் அதிகமாக இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள்... இவர்கள் கருவின் இதயத்துக்கான தனி எக்கோ தேவையா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

ஸ்கேன் எல்லாவற்றையும் காட்டிவிடாது என்பதும் உண்மை. சின்னச் சின்ன ஓட்டைகளும், மகாதமனியின் சில சுருக்கங்களும் கருவில் கண்ணுக்குத் தப்பலாம். எனவே, ஸ்கேன் நார்மலாக இருந்தாலும், பிறந்து 24 மணி நேரத்துக்குப் பிறகு குழந்தையின் கையிலும் காலிலும் ஆக்சிஜன் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். வலியில்லாத, சில நிமிடச் சோதனை. குழந்தை பால் குடிக்கத் திணறினாலோ, உதடும் நாக்கும் நீலமானாலோ காத்திருக்க வேண்டாம்.

செலவை நினைத்துப் பின்வாங்கவும் வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளுக்கான இதய அறுவை சிகிச்சைகள் உள்ளன. பிறவிக் குறையுள்ள குழந்தைகளைக் கண்டறிந்து சிகிச்சைக்கு அனுப்பும் தேசிய திட்டமும் 2013 முதல் நடக்கிறது. முன்கூட்டியே தெரிந்தால், கையெழுத்துகளையும் சான்றிதழ்களையும் வாங்கிவைக்கக் கால அவகாசம் கிடைக்கும்.

‘கிரகணத்தை விடு கண்ணு...’

குழந்தைக்கு இப்போது இரண்டரை வயது. நெஞ்சின் நடுவே நீளமாக ஒரு தழும்பு. ‘ஜிப்பு’ என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறாள். வருடத்துக்கு ஒருமுறை கோயம்புத்தூர் போய் எக்கோ பார்க்க வேண்டும். மாற்றித் தைத்த குழாய்கள் சுருங்காமல் இருக்கின்றனவா என்று வாழ்நாள் முழுவதும் கவனிக்க வேண்டும். மற்றபடி, தெருவில் ஓடும் கோழிகளை அவள் விட்டுவைப்பதில்லை. ஆரம் அடகுக் கடையிலிருந்து திரும்பிவிட்டது. வளையல் இன்னும் வரவில்லை.

சமீபத்தில் ஒரு சந்திர கிரகணம் வந்தது. அன்று மாமியார் அருவாமனையைத் தொடவில்லை. ‘‘பழகிடுச்சு, என்ன பண்றது’’ என்று சிரித்துக்கொண்டார். ஆனால் எப்போதும்போல் இருட்டு அறையில் போய்ப் படுத்துக்கொள்ளவும் இல்லை. பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

பக்கத்து வீட்டில், ஐந்து மாதக் கர்ப்பிணியான மகளை அவள் அம்மா உள்ளே போகச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தது கேட்டது. மாமியார் மதில் பக்கம் போய் நின்று, அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்.

‘‘கிரகணத்தை விடு கண்ணு. அஞ்சாம் மாச ஸ்கேனுக்குப் போனியா? நாலு அறையை மட்டும் பார்த்தாங்களா, இல்ல குழாயையும் பார்த்தாங்களா? கேட்டியா?’’